செருப்பைக் கழற்றாத நாள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் அவருக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். முகத்துக்கு நேரே எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும் பிரேக் மாஸ்டர் ஆகிவிடுவார்.

ஜெராக்ஸ் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த ஒற்றை அறைதான் பள்ளி. சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், ஒரு மேஜை, பயந்த முகங்கள் வரிசையாக உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகிப்போன ஒரு பெஞ்சு. வாசலில் நிற்கும் வெள்ளைக் காரில், ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலவே பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஒரு பிரேக் பெடல் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மாஸ்டர் மிதிக்கலாம். ஓட்டுகிறவர் பக்கத்துப் பெடலின் ரப்பர் நாலு வருடம் வரும். மாஸ்டர் பக்கத்து ரப்பரை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருந்தது. பள்ளியின் முதலாளியம்மா மெக்கானிக்கிடம் அதைக் காட்டி, "இதுல யார் ஓட்டுறாங்க, யார் கத்துக்கிறாங்கன்னே தெரியல" என்று சொன்னது உண்டு.

இருபத்தாறு வருடத்தில் அந்தக் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. மாஸ்டருக்குக் காலிலே கண் என்று பேச்சு. திறமை என்று அதைச் சொல்லலாம். உலகத்தில் யாரையும் நம்பாத ஒருவருடைய கால் என்றும் சொல்லலாம். இரண்டில் எது என்று அவரும் யோசித்ததில்லை, மற்றவர்களும் கேட்டதில்லை.

வேலை முடிந்து வந்த பிறகும் கால் மட்டும் வேலையில்தான் இருந்தது. பஸ்ஸில் முன்வரிசையில் உட்கார்ந்தால் தரையை அழுத்துவார். சினிமாவில் வில்லனுடைய வண்டி வளைவில் சீறிக்கொண்டு வந்தால், முன்சீட்டில் இருப்பவர் முதுகைத் தடவிக்கொண்டே திரும்பி முறைப்பார். சாப்பாட்டு மேஜையில் மனைவி குழம்புப் பாத்திரத்தைச் சற்று வேகமாகத் தூக்கினால் போதும், மேஜைக்கு அடியில் ஓர் உதை விழும்.

"நல்லவேளை, தூங்கும்போது எனக்கு லைசென்ஸ் தேவையில்ல" என்பாள் அவள். "படுத்த நேரத்துலகூட என் காலைத்தான் பிரேக்குன்னு நினைச்சு மிதிக்கிறீங்க."

"பழக்க தோஷம்" என்பார் அவர். எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்த ஒரே பதில் அது. பஸ்ஸிலும் அதுதான், சினிமாக் கொட்டகையிலும் அதுதான். அதைச் சொல்லிவிட்டால் எதிராளி மேற்கொண்டு பேச முடியாது. தோஷத்தோடு யார் சண்டைபோட முடியும்?

ஒரே ஓர் இடத்தில்தான் அந்தக் கால் அடங்கி இருக்கும். லைசென்ஸுக்கான டெஸ்டில். டெஸ்ட் எடுக்கும் அதிகாரி பின்சீட்டில் உட்காருவார், மாஸ்டர் வழக்கம்போல் பக்கத்து இருக்கையில். அவர் தன் பெடலைத் தொட்டால் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், 'கிர்' என்று ஒரு சத்தம் வரும். அத்தோடு டெஸ்ட் முடிந்தது, ஓட்டியவர் பெயில். அதனால் மாஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். கார் கிளம்புவதற்கு முன் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டு காலையும் மேலே மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒல்லியான உடம்பு, அதனால் முடிந்தது. "சாமி தியானத்துக்குப் போயிட்டார், இனி நம்ம உயிர் கடவுள் கையில" என்று பின்சீட்டு அதிகாரி ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் சிரிப்பார். ஆயிரம் பேருக்கு மேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் கொடுத்திருப்பார்கள். மாஸ்டரால் பெயிலானவர் அதில் ஒருவர்கூடக் கிடையாது.

ஒரு வருடம் இங்கிலீஷ் டீச்சர் ஒருவர் கற்றுக்கொள்ள வந்தார். நாற்பத்தைந்து வயது, மூக்குக்கண்ணாடி, எதைச் சொன்னாலும் காரணம் கேட்கிற ரகம். மூன்றாம் நாள், காலியான தெருவில் எந்தக் காரணமும் இல்லாமல் மாஸ்டர் பிரேக்கை மிதித்தார்.

"என்ன மாஸ்டர், யாருமே வரலையே?"

"பழக்க தோஷம் டீச்சர்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கு இங்கிலீஷ்ல அழகா ஒரு தொடர் இருக்கு. ஃபோர்ஸ் ஆஃப் ஹேபிட்."

"அப்படின்னா?"

"பழக்கத்தோட விசை. யோசிக்காம, கை கால் தானா ஒரு காரியத்தைச் செஞ்சிடுது பாருங்க, அதுக்குச் சொல்றது. ரிட்டயர் ஆனவர் மறுநாள் காலையில ஆபீஸ் பஸ்ல போய் உட்கார்ந்துட்டாருன்னு வைங்க. வீடு மாறினவர் பழைய வீட்டுக் கதவைத் தட்டிட்டாரு. ஏன் இப்படின்னு கேட்டா, ஃபோர்ஸ் ஆஃப் ஹேபிட்னு சொல்லிட்டு லேசா சிரிக்கணும். அவ்வளவுதான்."

மாஸ்டர் அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். வாயில் நன்றாக உட்கார்ந்தது.

"ஆனா ஒண்ணு மாஸ்டர். யாருக்கும் பெரிசா பாதிப்பு இல்லாத இடத்துலதான் சொல்லணும். அடுத்தவங்களுக்கு அடிபட்டிருந்தா அதைச் சொல்லக்கூடாது."

"அப்ப என்ன சொல்றதாம்?"

"தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லணும். வேறென்ன?" டீச்சர் கியரை மாற்றிக்கொண்டே சொன்னார். "நாம தோஷம்ங்கறோம், அவங்க விசைங்கறாங்க. ரெண்டுலயும் 'நான்'ங்கற ஆளைக் காணோம், கவனிச்சீங்களா?"

மாஸ்டர் கவனிக்கவில்லை. முன்னால் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. அன்று மாலை அந்தத் தொடரைப் பயிற்சி அட்டையின் பின்புறம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார். முதல் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. டீச்சர் பின்னால் சேர்த்துச் சொன்ன பாதி அட்டையிலும் இல்லை, ஞாபகத்திலும் நிற்கவில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து அவர் மனைவிக்கு ஒரு வேலை வந்தது.

அவள் ஒரு சலவைக் கடையில் துணி வாங்கி வைக்கிற மேஜைக்குப் பின்னால் பதினோரு வருடமாக நின்றுகொண்டிருந்தாள். நீராவியிலும் சோப்பு வாடையிலும் நாள் முழுக்க நின்றபடி வேலை. அந்தக் கடைக்கு வந்துபோகிற பாலர் பள்ளித் தலைமை ஆசிரியைக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. குழந்தைகளை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுகிற வேனுக்கு ஓட்டுநர் தேவைப்பட்டது. "பெண்ணா இருந்தா நல்லது, பொறுமையா இருக்கிற பெண்ணா இருந்தா ரொம்ப நல்லது. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள லைசென்ஸ் வாங்கிட்டு வாங்க, வேலை உங்களுக்குத்தான்" என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வேலை அவளுக்கு என்னவாக இருந்தது என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலண்டரில் பள்ளி திறக்கும் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் போட்டாள். பாலர் பள்ளிக் குழந்தைகள் இருபத்திரண்டு பேரின் பெயர்களையும் தலைமை ஆசிரியையிடம் கேட்டு எழுதிக்கொண்டுவந்து, துணி மடிக்கும்போது முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர்தான் கற்றுக்கொடுத்தார். அவள் நன்றாக ஓட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்காமல், பாத்திரத்தில் பால் கொண்டுபோவதுபோல் காரைக் கொண்டுபோனாள். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது ஓர் அங்குலம் பின்னால் உருளவில்லை. முதலாளியம்மாவிடம், ஜெராக்ஸ் கடைக்காரரிடம், கண்ணாடிக் கடைக்காரரிடம் எல்லாம் மாஸ்டர் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னதெல்லாம் ஒரே வார்த்தைதான்: மெதுவா.

"இதுக்கு மேல மெதுவாப் போனா இறங்கித் தள்ளணும்" என்றாள் அவள் ஒரு நாள்.

டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பு, காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, டெஸ்டுக்கு வேற மாஸ்டரை அனுப்பச் சொல்லி உங்க முதலாளியம்மாகிட்டக் கேக்கலாமா?"

"ஏன், எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குக் கொஞ்சம் படபடப்பா இருக்கு."

"ஊர்ல போறவன் வர்றவனை எல்லாம் பாஸ் பண்ண வெச்சிருக்கேன். என் வீட்டு ஆளுக்கு இன்னொருத்தன் போனா நாளைக்கு என்னை யார் மதிப்பான்? பேசாம இரு, நான் பாத்துக்கறேன்."

அவள் பேசாமல்தான் இருந்தாள்.

டெஸ்ட் அன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. அதே பின்சீட்டு அதிகாரி. அவள் இருக்கையைச் சரிசெய்து, கண்ணாடியைத் திருப்பி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கடைசியாகக் கணவரின் காலைப் பார்த்தாள்.

"செருப்பைக் கழட்டலையா?"

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ ரோட்டைப் பாரு."

"என்ன மாஸ்டர், இன்னிக்குத் தியானம் இல்லையா?" என்றார் அதிகாரி. மாஸ்டர் காதில் வாங்காததுபோல் முன்னால் பார்த்தார். ஏன் கழற்றவில்லை என்பதற்குப் பிற்பாடு அவர் பல காரணங்கள் சொல்லிப் பார்த்தார். தரை ஈரமாக இருந்தது, அவசரத்தில் மறந்துவிட்டது, அன்றைக்கே முட்டியில் வலி இருந்தது. எதுவும் அவருக்கே ஒட்டவில்லை.

மேடு முடிந்தது. பின்னால் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்துவது முடிந்தது. திரும்பி வரும் நேர்ச்சாலையில், நூறு அடி தள்ளி நடைபாதை ஓரத்தில் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்றிருந்தாள். ரோட்டில் இறங்கவில்லை, இறங்கப்போவதாகவும் தெரியவில்லை. ஓட்டுகிறவள் அவளைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தாள்.

'கிர்' என்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கார் குலுங்கி நின்றது.

ஈர ரோட்டில் டயர் தேய்ந்த வாடை உள்ளே வந்தது. நடைபாதைப் பெண் இவர்களை ஒரு முறை பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனாள்.

"மாஸ்டர்..." என்றார் அதிகாரி. அவருக்கே சங்கடமாக இருந்தது. "விளக்கு எரிஞ்சுடுச்சு. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க."

மாஸ்டர் பின்னால் திரும்பினார். பிறகு மனைவியைப் பார்த்தார். "ஃபோர்ஸ் ஆஃப் ஹேபிட்" என்றார். சொல்லிவிட்டு, டீச்சர் சொல்லித் தந்த மாதிரியே, லேசாகச் சிரித்தார்.

அவள் என்ஜினை அணைத்தாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். கற்றுக்கொடுத்த வரிசை ஒன்றுகூட மாறவில்லை. இறங்கிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அடுத்த டெஸ்டுக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. பாலர் பள்ளி மூன்று வாரத்தில் திறந்தது. வேனுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். காலண்டரில் இருந்த வட்டத்தை அவள் அடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. மாதம் முடிந்ததும் தாள் தானாகப் பின்னால் போயிற்று. வீட்டில் சண்டை வரவில்லை. சமையல் நடந்தது, பேச்சு நடந்தது, சிரிப்புகூட நடந்தது. கார் பற்றிய பேச்சு மட்டும் நின்றுபோனது. மேஜைக்கு அடியில் அவர் உதைத்தால் அவள் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை, காலைத் தள்ளி வைத்துக்கொள்வாள். அந்தக் கேலி இல்லாமல் போனதைத்தான் மாஸ்டர் முதலில் உணர்ந்தார்.

இரண்டாவது வாய்ப்புக்குப் படிவம் வாங்கிவந்து மேஜைமேல் வைத்தார். ஒரு வாரம் அது அங்கேயே கிடந்தது. பிறகு அதன்மேல் பருப்பு டப்பா உட்கார்ந்தது.

மூன்று வருடம் போயிற்று.

ஒரு நாள் மதியம் மாஸ்டர் ஒரு தையல்காரருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நாற்சந்தியில் பச்சை விழுந்து கார் நகர்ந்தது. குறுக்குச் சாலையில் சிவப்புக்காக நின்றுகொண்டிருந்த வண்டிகளில் முதலாவது ஒரு நீல வேன். பக்கவாட்டில் சலவைக் கடையின் பெயர். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர் மனைவி.

முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி, சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள். பயமும் இல்லை, பெருமையும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி.

மாஸ்டரின் கால் பெடலை மிதித்தது. நாற்சந்தியின் நட்டநடுவில் கார் நின்றது. நாலு பக்கமும் ஹாரன் அலறியது.

"என்ன மாஸ்டர், என்ன ஆச்சு, யார் மேலயாவது ஏத்திட்டேனா?" தையல்காரர் வெளிறிப்போனார்.

"இல்ல, இல்ல. நீங்க ஒண்ணும் பண்ணல. எடுங்க" என்றார் மாஸ்டர். வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவர் மிதித்தது அந்த வேனை நிறுத்துவதற்கு. அது ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

மாலையில் அவள் வந்ததும் கேட்டார். "எப்ப வாங்கின?"

அவள் எதை என்று கேட்கவில்லை. "நாலு மாசம் ஆச்சு. ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கே, அந்த டிரைவிங் ஸ்கூல்ல. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல போய்க் கத்துக்கிட்டேன். ஓட்டல் துணியெல்லாம் கொண்டுபோய்க் குடுக்கக் கடையில வேன் வாங்கியிருக்காங்க. போன வாரத்துலேருந்து நான்தான் ஓட்டுறேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க பக்கத்துல வந்து உட்கார்ந்திருப்பீங்க."

அவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். "அன்னிக்கு நடந்தது... அது என் பழக்கம்னு உனக்கே தெரியும். வேணும்னேவா மிதிச்சேன்?"

"பழக்கமா?" அவள் பையைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "ஆயிரம் பேர் டெஸ்ட்ல உங்க கால் மடங்கிதான இருந்துச்சு? முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் செருப்பைக் கழட்டினீங்க. டெஸ்ட்டுன்னா காலை மடக்கறதுதாங்க உங்க பழக்கம். எனக்கு மட்டும்தான் அதை மாத்தினீங்க."

மாஸ்டர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"மிதிச்சதுகூடப் பரவாயில்லங்க" என்றாள். "அதைச் சொல்லிட்டுச் சிரிச்சீங்க பாருங்க."

டீச்சர் பிற்பாதியாகச் சொன்னது அப்போதுதான் அவருக்கு வந்தது, ஐந்து வருடம் தாமதமாக, காதோரம் பேசுவதுபோல. அடுத்தவங்களுக்கு அடிபட்டிருந்தா அதைச் சொல்லக்கூடாது. அதற்குப் பதிலாகச் சொல்லவேண்டிய அந்த இரண்டு வார்த்தையும் தொண்டைவரை வந்தன. அவர் சொன்னது: "வேன் பெரிய வண்டி. மெதுவா ஓட்டு."

அவள் சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு இல்லை அது. "சரிங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

ஒரு மனிதர் ஒன்றைச் செய்கிறார், பக்கத்தில் நின்று அவரே அதை வேடிக்கையும் பார்க்கிறார். கேட்டால், செய்தது நான் இல்லை, என் பழக்கம் என்கிறார். அப்படியானால் அந்தப் பழக்கத்தை இத்தனை வருடம் சோறுபோட்டு வளர்த்தது யார்? மாஸ்டர் புத்தகம் படிக்கிறவர் இல்லை. ஆனாலும் அந்த வருடம் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த வருடம் ரப்பரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. முதலாளியம்மா அதைக் கவனித்துவிட்டு, "உடம்புக்கு ஏதும் முடியலையா மாஸ்டர்?" என்று விசாரித்தார்.

உடம்புக்கும் முடியவில்லைதான். வலது முட்டி வீங்கிக்கொண்டது. இத்தனை வருடம் மிதித்ததில் தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். அறுவை சிகிச்சைக்கு ஒரு வியாழக்கிழமை காலையில் வந்து சேரச் சொன்னார்கள். டாக்ஸிக்குச் சொல்லிவிடுவதாக மாஸ்டர் தொலைபேசியை எடுத்தார்.

"வேன் இருக்கு. கடையில கேட்டுட்டேன்" என்றாள் அவள்.

பின்னால் முழுக்க ஓட்டல் விரிப்பு மூட்டைகள். அவள் முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டு ஓட்டுநர் பக்கம் போனாள். மாஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டு ஏறினார். அவளுக்குப் பக்கத்தில், நாலு வருடம் கழித்து. அந்தப் பக்கம் பெடல் இல்லை, வெறும் ரப்பர் விரிப்பு. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். அதைக் கீழே தள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டார். இடது காலை மடக்கினார். வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, மேலே கொண்டுவந்து மடக்கினார்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி பாதி திரும்பிய நிலையில் இருந்தது.

"முட்டி வலிக்கப்போவுது."

"இருக்கட்டும்."

"இங்கதான் பெடல் இல்லையே."

"என் காலுக்கு அது தெரியாது" என்றார். அது பழைய பல்லவியை நோக்கிப் போவதை அவரே உணர்ந்து நிறுத்தினார். செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கு நான் தப்புப் பண்ணிட்டேம்மா."

சிரிக்கவில்லை.

அவள் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தபடி இருந்தாள். "இதை அன்னிக்கு மடக்கியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். வேன் கிளம்பியது.

பாலர் பள்ளி இருக்கும் தெரு வழியாகத்தான் போக வேண்டும். வாசலில் மஞ்சள் வேன் நின்றது. குழந்தைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்த ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைத்தாள், அவரும் அசைத்தார். தெரிந்தவர்கள் போலிருக்கிறது. அவள் வேகத்தைக் குறைத்தாள். ஒரு குழந்தை கையை உதறிக்கொண்டு ரோட்டை நோக்கி ஓடிவந்தது. மாஸ்டரின் தொடை இறுகியது, விரல்கள் செருப்பை நசுக்கின. வேன் நின்றது. குலுங்கவில்லை, சத்தம் இல்லை, மடியில் இருந்த செருப்புகூட அசையவில்லை. குழந்தையை யாரோ பிடித்துக்கொண்டார்கள். வேன் மறுபடி நகர்ந்தது. இவ்வளவு நன்றாக அவர் ஒருநாளும் நிறுத்தியதில்லை. அதை அவளிடம் சொல்ல நினைத்தார். ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

அவள் என்ஜினை அணைத்தாள், ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். "வந்துட்டோம், இறங்குங்க."

அவரால் காலைப் பிரிக்க முடியவில்லை. இரண்டும் மரத்துப்போய், வலது முட்டி கல்லாக இறுகியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நீட்டப் பார்த்தார். நெற்றியில் வியர்த்தது. அவள் உதவிக்கு வரவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மெதுவா" என்றாள்.